நியூரானில் கால்சியம் ஏறவில்லையா, இறங்கவில்லையா? அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் வழிமுறை

இரவு எட்டு மணி. மைக்ராஸ்கோப் அறையிலிருந்து மாணவியின் குரல் வந்தது. "அக்கா, ரிசெப்டர் வேலையே செய்யல. நாலு கவர்ஸ்லிப் போயிடுச்சு."

உள்ளே போய்ப் பார்த்தேன். கவர்ஸ்லிப் என்பது செல்களை வளர்த்த மெல்லிய கண்ணாடித் துண்டு. திரையில் முப்பது நியூரான்கள் (நரம்புச் செல்கள்), ஒவ்வொன்றின் ஒளிக்கும் ஒன்றாக முப்பது கோடுகள். என்எம்டிஏ (ஒரு வகை ஏற்பியைத் திறக்கும் மருந்து) போட்ட நேரத்தில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். மற்றபடி எல்லாம் நேர்கோடு.

"கடைசில கேசிஎல் போட்டுப் பாத்தியாம்மா?"

"இல்லக்கா. என்எம்டிஏ-க்கே வரல, கேசிஎல் எதுக்குன்னு விட்டுட்டேன்."

கேசிஎல் என்பது பொட்டாசியம் குளோரைடு; சவ்வின் மின்னழுத்தத்தை ஏற்றி, அதன் வழியாக நியூரானுக்குள் கால்சியத்தை ஏற்றும். இந்த வழிமுறையை எழுத வைத்தது அந்தப் பதில்தான். திரையில் நாம் பார்ப்பது ஏற்பியை (ரிசெப்டர், வேதிச் செய்தியைப் பிடிக்கும் புரதம்) அல்ல. செல்லுக்குள் கால்சியத்தைப் பிடித்தால் ஒளிரும் ஒரு சாயத்தை. செல் பரப்பில் இருக்கும் ஏற்பி ஒரு முனை, கேமராவில் விழும் ஒளி மறுமுனை. நடுவில் பல படிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் கோளாறு வரலாம். கோடு அசையவில்லை என்றதும் ஏற்பியின் மேல் பழி போடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. நானும் ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வருடம் முழுக்க அதைத்தான் செய்தேன்.

ஓய்வில் இருக்கும் நியூரானுக்குள் கட்டற்ற கால்சியம் சுமார் 100 நானோமோலார். வெளியே 1 முதல் 2 மில்லிமோலார். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம் என்பதால் எங்கேயாவது ஒரு வாசல் லேசாகத் திறந்தாலும் உள்ளே அளவு சட்டென்று ஏறும். அந்த வாசல் எது என்பதுதான் கேள்வி. என்எம்டிஏ ஏற்பி போன்றவற்றில் ஏற்பியே வாசல். குளூட்டமேட் என்ற நரம்புக் கடத்தி வந்து ஒட்டினால் அதன் நடுத்துளை வழியாகவே கால்சியம் நுழையும். குளூட்டமேட்டைப் பிடிக்கும் இன்னொரு வகையான ஆம்பா ஏற்பிகளில் பெரும்பாலானவை கால்சியத்தை விடாது. ஆனால் சோடியத்தை உள்ளே விட்டு சவ்வின் மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். அதைப் பார்த்து மின்னழுத்தச் சேனல் என்ற வேறொரு வாசல் திறக்கும், கால்சியம் அந்த வழியாக வரும். எம்குளூஆர்5 (குளூட்டமேட்டுக்கு), மஸ்காரினிக் எம்1 (அசிட்டைல்கோலினுக்கு) போன்ற ஏற்பிகள் வாசலே இல்லை. அவை ஜிகியூ புரதத்தைத் தட்டி எழுப்ப, பாஸ்போலிபேஸ் சி என்ற நொதி ஐபி3 என்ற செய்தி மூலக்கூறை உண்டாக்க, அது எண்டோபிளாச வலைப்பின்னலில் (கீழே கிடங்கு என்று சொல்வது இதைத்தான்) சேமித்து வைத்த கால்சியத்தை அவிழ்த்துவிடும். ஐபி3 இப்படி வேலை செய்கிறது என்று 1983-இல் கணையச் செல்களில்தான் முதலில் காட்டினார்கள். கடைசியாக, காபா-பி (தடுப்பு நரம்புக் கடத்தியான காபாவுக்கு), ஓபியாய்டு ஏற்பிகள் போன்றவை திறந்த வாசலைச் சாத்துகிறவை.

கீழே சொல்வதெல்லாம் எலியின் ஹிப்போகாம்பஸிலிருந்து (மூளையில் நினைவோடு தொடர்புடைய பகுதி) எடுத்து இரண்டு வாரம் வரை வளர்த்த நியூரான்கள், ஃபூரா-2 அல்லது ஃப்ளூவோ-4 சாயம், ஹெபிஸ் பஃபர் (பிஎச்-ஐ நிலையாக வைக்கும் உப்புக்கரைசல்) என்ற ஏற்பாட்டுக்கு. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சோதனையாக இருந்தாலும் முடிவில் 50 மில்லிமோலார் கேசிஎல் கொடுங்கள் (அதே அளவு சோடியம் குளோரைடைக் குறைத்து, இல்லையென்றால் கரைசலின் மொத்தச் செறிவான ஆஸ்மோலாரிட்டி எகிறிவிடும்). அதன் பிறகு 5 மைக்ரோமோலார் ஐயோனோமைசின் (சவ்வைத் தாண்டிக் கால்சியத்தைக் கடத்தும் பொருள்). கேசிஎல் "இந்த நியூரான் உயிரோடு இருக்கிறதா" என்ற கேள்விக்குப் பதில். ஐயோனோமைசின் "சாயம் வேலை செய்கிறதா" என்பதற்குப் பதில். கீழே பாதி அறிகுறிகள் இந்த இரண்டு பதிலை வைத்துத்தான் பிரிகின்றன.

அறிகுறி: எதைப் போட்டாலும் அசைவில்லை, ஐயோனோமைசினுக்கும் இல்லை

இது சாயத்தின் பிரச்சினை, அல்லது ஒளியின் பிரச்சினை. ஏற்பியை மறந்துவிடுங்கள்.

ஏஎம் எஸ்டர் என்ற வால் ஒட்டிய வடிவில்தான் சாயம் சவ்வைக் கடக்கும். உள்ளே போன பிறகு செல்லின் எஸ்டரேஸ் நொதிகள் அந்த வாலை வெட்டினால்தான் அது கால்சியத்தைப் பிடிக்கும். வெட்டப்படாத ஃபூரா-2 ஒளிரும், ஆனால் கால்சியத்துக்கு அசையாது. ஆகவே "செல் நல்லா பிரகாசமா இருக்கே" என்பது ஆறுதல் இல்லை. லோடிங் (செல்லுக்குள் சாயம் ஏற்றுவது) முடிந்து கழுவிய பின் 20 முதல் 30 நிமிடம் சும்மா விடுங்கள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து வைத்த பழைய ஸ்டாக், ஃப்ரீஸரில் இருந்து பல தடவை வெளியே எடுத்ததாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். டிஎம்எஸ்ஓ காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஏஎம் எஸ்டர் குப்பிக்குள்ளேயே உடைந்துபோகும், உடைந்தது செல்லுக்குள் போகவே போகாது. ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வைப்பதுதான் வழி. சாயம் கரைய உதவும் ப்ளூரானிக் எஃப்-127 சேர்க்காமல் லோடு செய்தால் சாயம் துணுக்குத் துணுக்காகக் கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும், 0.02 சதவீதம் போதும்.

ஃபூரா-2-ஐ 340, 380 நானோமீட்டர் ஒளியால் மாற்றி மாற்றித் தூண்டிப் படம் எடுத்து, இரண்டின் விகிதத்தைப் பார்ப்போம். அதில் மட்டும் வரும் ஒரு கோளாறு: 380 நானோமீட்டர் படம் நன்றாக இருக்கும், 340 படம் கரும் இருட்டு. ஆப்ஜெக்டிவ் லென்ஸைப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடி 340-ஐ விழுங்கிவிடும். புற ஊதாவை விடும் ஆப்ஜெக்டிவ் வேண்டும்.

அறிகுறி: கோடு அசைகிறது, ஆனால் அது கால்சியமா என்று சந்தேகம்

ஃபூரா-2 வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். கால்சியம் ஏறினால் 340-இல் ஒளி ஏறும், அதே நொடியில் 380-இல் இறங்கும். கண்ணாடியில் பார்த்த உருவம் மாதிரி ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும். விகிதத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு கோடுகளையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒரே திசையில் நகர்ந்தால் ஃபோகஸ் நழுவியிருக்கிறது, அல்லது செல் வீங்கி நகர்ந்திருக்கிறது. இரண்டும் மெதுவாகச் சேர்ந்து இறங்கினால் சாயம் வெளுக்கிறது, அல்லது செல் சாயத்தை வெளியே தள்ளுகிறது. விகிதம் இவற்றில் பெரும்பகுதியை மறைத்துவிடும். அது நல்லதுதான், ஆனால் பின்னணி ஒளியைக் கழிக்காமல் விகிதம் எடுத்தால் மறைக்காது, புதுப் பொய் சொல்லும்.

ஃப்ளூவோ-4-க்கு இந்தச் சரிபார்ப்பு கிடையாது. ஒரே அலைநீளம். அதனால் பக்கத்தில் மருந்து போடாத கவர்ஸ்லிப் ஒன்றை அதே நேரம் அளவுக்குப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கேசிஎல்லுக்கு ஏறுகிறது, என்எம்டிஏ-க்கு ஏறவில்லை

அன்று இரவு நடந்தது இதுதான். ஐந்தாவது கவர்ஸ்லிப்பில் கேசிஎல் போட்டதும் முப்பது கோடுகளும் துள்ளி ஏறின. செல் உயிரோடு, சாயம் உயிரோடு. அப்படியானால் ஏற்பி இல்லையா? பஃபர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். மெக்னீசியம் குளோரைடு 1 மில்லிமோலார் என்று அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

என்எம்டிஏ ஏற்பியின் துளையில் மெக்னீசியம் அயனி போய் உட்கார்ந்துகொள்ளும். சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் ஓய்ந்திருக்கும் செல்லில் உட்புறத்தின் எதிர்மின்னழுத்தம் அதை உள்நோக்கி இழுத்துத் துளையிலேயே பிடித்து வைத்திருக்கும். குளூட்டமேட் வந்து கதவைத் திறந்தாலும் வாசலில் ஆள் உட்கார்ந்திருந்தால் யார் உள்ளே போக முடியும்? சவ்வின் மின்னழுத்தம் ஏறினால் மெக்னீசியம் எழுந்துபோகும், கால்சியம் நுழையும். 1984-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. குளூட்டமேட் வந்திருக்க வேண்டும், அதே நேரம் செல்லும் தூண்டப்பட்டிருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே மூலக்கூறு சேர்த்துப் பார்க்கிறது. கற்றல், நினைவு பற்றிய நமது புரிதலில் பெரும்பகுதி இந்த ஒரு அயனியின் மேல் நிற்கிறது. அந்த மாணவியின் கோடு காட்டியது ஏற்பியின் கோளாறு அல்ல, ஏற்பி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதைத்தான்.

செய்ய வேண்டியது: மெக்னீசியம் சேர்க்காத பஃபர், 10 மைக்ரோமோலார் கிளைசின், 50 முதல் 100 மைக்ரோமோலார் என்எம்டிஏ. கிளைசினை விட்டுவிடாதீர்கள். என்எம்டிஏ ஏற்பி திறக்க இரண்டு சாவி வேண்டும்; ஒன்று குளூட்டமேட் (அல்லது என்எம்டிஏ), மற்றது கிளைசின் அல்லது டி-செரின். கிளைசினின் பங்கு 1987-இல்தான் தெரியவந்தது. மெதுவான பர்ஃப்யூஷனில் (செல்களின் மேல் கரைசலை ஓடவிடுவது) அக்கம்பக்கத்துச் செல்கள் கசியவிடும் கிளைசினே சில சமயம் போதுமானதாக இருக்கும், வேகமாகக் கழுவும் ஏற்பாட்டில் அதுவும் அடித்துக்கொண்டு போய்விடும். "போன மாசம் வந்துச்சு, பம்ப் மாத்தினதும் வரல" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது கிளைசினைப் பற்றித்தான்.

இதற்கும் மசியவில்லை என்றால் பிஎச் பாருங்கள். புரோட்டான்கள் என்எம்டிஏ ஏற்பியை அடக்கும், அதுவும் உடலியல் பிஎச்-க்கு மிக அருகிலேயே. 7.4-க்குப் பதில் 7.0-இல் பஃபர் இருந்தால் பதில் கணிசமாகக் குறையும். குளூட்டமிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் சமன் செய்யாமல் ஸ்டாக் போட்டவர்கள் இந்தப் பள்ளத்தில் விழுவார்கள். அடுத்து வளர்ப்பின் வயது. மூன்று, நான்கு நாள் செல்களில் ஏற்பிகள் குறைவு. பத்து நாளுக்கு மேல் காத்திருங்கள்.

மறுநாள் காலை புதுப் பஃபரில் அவள் செய்த முதல் கவர்ஸ்லிப்பிலேயே கோடுகள் செங்குத்தாக ஏறின. ஆனால் அதற்கு முன்பே, மருந்து எதுவும் போடாத நிலையில், எல்லாச் செல்களும் ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டிருந்தன. அது அடுத்த அறிகுறி.

அறிகுறி: மருந்தே போடவில்லை, கால்சியம் தானாக ஏறி இறங்குகிறது

எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் அது வலையமைப்பின் துடிப்பு. நியூரான்கள் ஒன்றோடொன்று சினாப்ஸ் போட்டிருக்கின்றன. மெக்னீசியத்தை எடுத்ததும் கடிவாளம் போய்விட்டது. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நல்ல வளர்ப்பின் அடையாளம் இது. ஆனால் இதன் நடுவே ஏற்பியை அளக்க முடியாது. 0.5 முதல் 1 மைக்ரோமோலார் டெட்ரோடோடாக்சின் போட்டால் சோடியம் சேனல் அடைபட்டுத் துடிப்பு நிற்கும், நீங்கள் தரும் மருந்துக்கான நேரடிப் பதில் மட்டும் மிஞ்சும்.

வெறும் பஃபரைப் பிப்பெட்டில் சேர்த்ததற்கே ஏறுகிறதா? அப்படியென்றால் உங்கள் கை வேகம்தான் மருந்து. திரவம் மோதி அசைத்தால் செல்கள், முக்கியமாக ஆஸ்ட்ரோசைட்கள் (நியூரான்களுக்குத் துணையான செல்கள்), ஏடிபி-யை வெளியிடும். அது பக்கத்துச் செல்லின் பி2ஒய், பி2எக்ஸ் ஏற்பிகளைத் தட்டும். ஓரிடத்தில் தொடங்கி வட்டமாகப் பரவும் அலையாக அது தெரியும். ஏடிபி-யைச் சிதைக்கும் அபிரேஸ் நொதியைச் சேர்த்து அலை நின்றால் குற்றவாளி உறுதி. மெதுவான, இடைவிடாத பர்ஃப்யூஷனுக்கு மாறுங்கள். ஒவ்வொரு நாளும் முதல் கவர்ஸ்லிப்பில், மருந்து கரைத்த அதே டிஎம்எஸ்ஓ அளவோடு வெறும் பஃபரை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

அறிகுறி: டிஎச்பிஜி போட்டால் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை

எம்குளூஆர்1, எம்குளூஆர்5 ஆகியவற்றைத் தூண்டும் டிஎச்பிஜி தரும் தலைவலிக்கு ஈடு வேறில்லை. ஒரே தட்டில் பத்து நியூரானில் மூன்று மட்டும் பதில் தரும். இரண்டாம் தடவை அந்த மூன்றும் தராது.

இங்கே கால்சியம் வருவது கிடங்கிலிருந்து. கிடங்கு நிறைந்திருந்தால்தான் ஐபி3 வந்து கதவைத் திறந்தாலும் கொட்டும். ஓய்வாகக் கிடக்கும் நியூரான்களில் பலவற்றின் கிடங்கு முழுதாக நிறைந்திருப்பதில்லை. ஐபி3 ஏற்பிக்கு இன்னொரு குணமும் உண்டு: ஐபி3 மட்டும் போதாது, பக்கத்தில் கொஞ்சம் கால்சியமும் இருந்தால்தான் அது நன்றாகத் திறக்கும், கால்சியம் மிகுந்துவிட்டால் மூடிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே மருந்து. டிஎச்பிஜி-க்குச் சில நிமிடம் முன்பு ஒரு குறுகிய கேசிஎல் துடிப்பு கொடுங்கள். மின்னழுத்தச் சேனல் வழியாக நுழைந்த கால்சியத்தை எஸ்இஆர்சிஏ பம்ப் கிடங்குக்குள் இறைத்து வைக்கும். அதன் பிறகு வரும் டிஎச்பிஜி பதில் பெரிதாகவும், அதிகச் செல்களிலும் வரும். என் அனுபவத்தில் "வராத நாள்" என்பது பெரும்பாலும் இந்த முன்துடிப்பை விட்ட நாள்.

கோட்டின் உருவத்தையும் பழகிக்கொள்ளுங்கள். என்எம்டிஏ பதில் மருந்து தொட்டவுடன் செங்குத்தாக எழும், மருந்து இருக்கும்வரை தோள் மாதிரி உயரத்தில் நிற்கும். டிஎச்பிஜி பதில் சில நொடி யோசித்துவிட்டு எழும், மேடாக ஏறித் தானே இறங்கும். வேகமாகப் படம் எடுத்தால் ஒரு முனையில் தொடங்கி செல் உடலை நோக்கி ஊர்வதைக்கூடப் பார்க்கலாம். நான் முதன்முதலில் அதைப் பார்த்த நாளில் மருந்தை மாற்றவே மறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தடவை பதில் சிறுக்கிறது என்றால், ஏற்பி சோர்ந்ததா, கிடங்கு காலியா என்று பிரிக்க வேண்டும். நடுவில் ஒரு கேசிஎல் துடிப்பு கொடுத்து பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பதில் திரும்பினால் கிடங்கு காலியாக இருந்திருக்கிறது. திரும்பாவிட்டால் ஏற்பி சோர்ந்திருக்க, அல்லது பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஒரு கவர்ஸ்லிப்புக்கு ஒரே டோஸ் என்று திட்டத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: கால்சியம் இல்லாத பஃபரிலும் ஏறுகிறது, அல்லது அதில் எல்லாமே நின்றுவிடுகிறது

வெளியிலிருந்தா, கிடங்கிலிருந்தா என்று அறிய எல்லோரும் செய்யும் சோதனை இது. செய்யும் விதத்தில்தான் பிழை.

கால்சியம் குளோரைடு சேர்க்கவில்லை என்பதால் கால்சியம் இல்லை என்று ஆகாது. தண்ணீரிலும் உப்புகளிலும் கண்ணாடியிலும் இருந்து சில மைக்ரோமோலார் வந்து சேரும். செல்லுக்குள் இருப்பதைவிட அது பல மடங்கு அதிகம். 1883-இல் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தைக் காய்ச்சி வடித்த நீரில் செய்த உப்புக்கரைசலில் வைத்தபோது துடிப்பு நின்றுபோனது. அதற்கு முன்பு துடிக்க வைத்துக்கொண்டிருந்தது குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான். கால்சியத்தின் கதையே இப்படி ஒரு தண்ணீர்க் குழப்பத்தில் தொடங்கியது. ஆகவே 1 மில்லிமோலார் ஈஜிடிஏ சேர்த்து, பிஎச்-ஐத் திரும்பச் சரிசெய்யுங்கள். ஈஜிடிஏ கால்சியத்தைப் பிடிக்கும்போது புரோட்டானை விடும், பிஎச் இறங்கும்.

அடுத்த பிழை நேரம். இந்தப் பஃபரில் செல்லைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்தால் கிடங்கும் கசிந்து வற்றிவிடும். பிறகு டிஎச்பிஜி-க்குப் பதில் இல்லை என்பதைப் பார்த்து "கால்சியம் வெளியிலிருந்துதான் வருகிறது" என்று தப்பாக எழுதிவிடுவோம். மருந்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பு மாற்றினால் போதும். எதிர்ச்சோதனையாக, சாதாரணப் பஃபரில் 1 மைக்ரோமோலார் தாப்சிகார்ஜின் போட்டு எஸ்இஆர்சிஏ-வை அடைத்து, கிடங்கை வற்றவிட்டு, பிறகு மருந்து கொடுங்கள். இரண்டு சோதனையும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நம்புங்கள்.

தாப்சிகார்ஜினைக் கால்சியம் இல்லாத பஃபரில் போட்டிருந்தால், பிறகு வெளியே கால்சியத்தைத் திரும்பச் சேர்க்கும்போது மருந்தில்லாமலேயே ஒரு ஏற்றம் வரும். கிடங்கு காலி என்பதை எஸ்டிஐஎம் என்ற புரதம் உணர்ந்து செல் சவ்வில் இருக்கும் ஓராய் சேனலைத் திறக்கிறது. 2005, 2006-இல் அடையாளம் காணப்பட்ட இணை அது. அந்த ஏற்றத்தை உங்கள் ஏற்பியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

அறிகுறி: குளூட்டமேட் போட்டால் ஏறுகிறது, ஆனால் எந்த ஏற்பி என்று தெரியவில்லை

குளூட்டமேட் எல்லாக் கதவையும் ஒரே சமயத்தில் தட்டும். வெங்காயம் உரிப்பது போல ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் டி-ஏபி5-ஐ 50 மைக்ரோமோலார் போட்டு மிஞ்சுவது எவ்வளவு? அதன் மேல் ஆம்பா ஏற்பியை அடைக்கும் என்பிகியூஎக்ஸ் போட்டால்? சிஎன்கியூஎக்ஸ் மலிவு என்று பலரும் எடுப்பார்கள், ஆனால் அது என்எம்டிஏ ஏற்பியின் கிளைசின் இடத்தையும் ஓரளவு அடைக்கும். இந்த வேலைக்கு என்பிகியூஎக்ஸ் மேல்.

ஆம்பா ஏற்பி திறந்ததால் ஏறிய கால்சியத்தை "ஆம்பா ஏற்பி வழியாக வந்தது" என்று சொல்லும் முன் ஒரு நிமிடம். ஜிஎல்யூஏ2 துணையலகு இருக்கும் ஆம்பா ஏற்பி கால்சியத்தை விடுவதில்லை. ஆர்என்ஏ திருத்தத்தால் துளையில் குளூட்டமின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் ஆர்ஜினின் வந்து உட்கார்கிறது, அதன் நேர்மின்னூட்டம் கால்சியத்தைத் தள்ளிவிடும். ஹிப்போகாம்பஸின் பிரமிடு நியூரான்களில் பெரும்பாலும் இந்த வகைதான். அங்கே ஏறும் கால்சியம் எல்-வகை போன்ற மின்னழுத்தச் சேனல் வழியாக வந்தது. எல்-வகையை அடைக்கும் நிஃபெடிபின் 10 மைக்ரோமோலார் போட்டால் அதில் பெரும்பகுதி விழும். நிஃபெடிபின் ஒளிபட்டால் சிதையும் என்பதை மறக்காதீர்கள். ஃபூரா-2-க்காக நீங்கள் பாய்ச்சும் புற ஊதாவே அதைத் தின்றுவிடும். ஃபாயிலில் சுற்றி வையுங்கள், படங்களுக்கு இடையே ஷட்டரை மூடுங்கள்.

காட்மியம் போட்டு எல்லா மின்னழுத்தச் சேனலையும் ஒரேயடியாக அடைக்கலாம் என்று தோன்றும். ஃபூரா-2-வோடு அதைச் செய்யாதீர்கள். ஃபூரா-2 காட்மியத்தையும் துத்தநாகத்தையும் கால்சியத்தைவிட இறுக்கமாகப் பிடிக்கும், உள்ளே கசிந்த காட்மியம் கால்சியம் ஏறியது போலவே தெரியும்.

அறிகுறி: பேக்லோஃபென் போட்டேன், எதுவுமே நடக்கவில்லை

நடக்காது. பேக்லோஃபென் தூண்டும் காபா-பி சாத்துகிற ஏற்பி, ஓய்வில் இருக்கும் செல்லில் சாத்துவதற்குத் திறந்த கதவு எதுவும் இல்லை. முதலில் கதவைத் திறக்க வைக்க வேண்டும். மின்தூண்டலில் சிறு சிறு துடிப்புகளாகக் கால்சியத்தை ஏற்றி, அது சீரானதும் பேக்லோஃபென் கொடுங்கள். துடிப்பின் உயரம் குறைவதுதான் உங்கள் பதில். ஜி புரதத்தின் பீட்டா-காமா பகுதி நேராகப் போய் என்-வகை, பி/கியூ-வகைச் சேனல்களில் ஒட்டி அவற்றைத் தயங்க வைக்கிறது. 50 மில்லிமோலார் கேசிஎல்லை நீண்ட நேரம் போட்டு இதைத் தேடினால் கிடைக்காது. வலுவான தூண்டல் அந்தத் தடையை உதறிவிடும், மேலும் அப்போது உள்ளே வருவதில் பெரும்பங்கு எல்-வகை வழி.

அறிகுறி: காபா போட்டால் கால்சியம் ஏறுகிறது

தடுப்பு நரம்புக் கடத்தியாயிற்றே என்று குழம்ப வேண்டாம். வளர்ப்பு எத்தனை நாள் என்று பாருங்கள். இளம் நியூரானில் என்கேசிசி1 என்ற கடத்திப் புரதம் குளோரைடை உள்ளே நிரப்பி வைத்திருக்கும். காபா-ஏ சேனல் திறந்தால் குளோரைடு வெளியேறும், சவ்வு மின்னழுத்தம் ஏறும், கால்சியம் சேனல் திறக்கும். வயதாக ஆக கேசிசி2 என்ற வேறொரு கடத்திப் புரதம் வந்து குளோரைடை வெளியே இறைத்ததும் இது தலைகீழாகும். முதல் வார வளர்ப்பில் ஏறுவது சரியான பதில்தான்.

அறிகுறி: பதில் வருகிறது, ஆனால் அது நியூரானா?

கேசிஎல்லுக்கு வேகமாக ஏறுவது நியூரான். கேசிஎல்லுக்கு அசையாமல் ஏடிபி-க்கும் டிஎச்பிஜி-க்கும் பெரிதாக ஏறுவது ஆஸ்ட்ரோசைட். தட்டையாக, பொரித்த முட்டை மாதிரி பரந்திருக்கும், நியூரான் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். அளக்கும் செல்லைச் சுற்றித் திரையில் வட்டம் போடும்போது இரண்டும் கலந்துவிடும். கேசிஎல்லை ஒவ்வொரு தடவையும் கேட்பதற்கு இது இன்னொரு காரணம்.

அறிகுறி: குளூட்டமேட்டைக் கழுவிய பின்னும் கால்சியம் இறங்கவில்லை

இதை அவசரமாகக் கடந்துபோக வேண்டாம். இரண்டு வேறு விஷயங்கள் ஒரே மாதிரி தெரியும்.

முதலாவது, உச்சியிலிருந்து பாதி இறங்கி, சில நிமிடம் ஒரு படியில் நின்று, பிறகு அடிக்கு வருவது. இது ஆரோக்கியமான செல். நுழைந்த கால்சியத்தில் பெரும்பங்கை மைட்டோகாண்ட்ரியா விழுங்கிக்கொண்டது, இப்போது சோடியத்துக்கு மாற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. விடுவதும் சவ்வின் பம்புகள் வெளியேற்றுவதும் சமமாக இருக்கும்வரை கோடு படியில் நிற்கும். எவ்வளவு அதிகம் நுழைந்ததோ படி அவ்வளவு நீளம். குளூட்டமேட்டை ஐந்து நிமிடத்துக்குப் பதில் முப்பது நொடி கொடுத்துப் பாருங்கள், படி சுருங்கும்.

இரண்டாவது, இறங்கிய மாதிரி இருந்து, பத்து இருபது நிமிடம் கழித்து மறுபடி ஏறி, பிறகு இறங்கவே இறங்காமல் நின்றுவிடுவது. தாமதக் கால்சியச் சீர்குலைவு என்று இதைச் சொல்வார்கள். மைட்டோகாண்ட்ரியா தாங்காமல் மின்னழுத்தத்தை இழந்துவிட்டது. அந்த நியூரான் திரும்ப வராது. பக்கவாதத்தில் ரத்தம் நின்ற மூளைப் பகுதியில், வெளியே தேங்கிய குளூட்டமேட்டால் நியூரான்கள் சாகும் வழிகளில் ஒன்றை அந்தக் கோட்டில் நீங்கள் நேரில் பார்க்கிறீர்கள். அந்தச் செல்லில் அதற்குப் பிறகு எடுத்த எந்த அளவையும் சராசரியில் சேர்க்காதீர்கள்.

உச்சியில் இரண்டும் ஒரே உயரமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. ஃபூரா-2 கால்சியத்தை மிக இறுக்கமாகப் பிடிக்கும் சாயம். பாதி நிறையும் அளவு சுமார் 0.2 மைக்ரோமோலார். ஒன்றிரண்டு மைக்ரோமோலாரைத் தாண்டியதும் அது நிரம்பிவிடும், அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் கோடு கூரையில் முட்டி நிற்கும். ஆகவே நச்சுத்தன்மையை அளக்கப்போகிறீர்கள் என்றால் பிடிப்பு தளர்ந்த ஃபூரா-எஃப்எஃப் போன்ற சாயத்துக்கு மாறுங்கள். மாறியதும் ஓய்வுநிலைக் கால்சியமும் டிஎச்பிஜி-யின் சிறு மேடுகளும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அவற்றுக்கு வேறு கவர்ஸ்லிப்பில் பழைய ஃபூரா-2-வே வேண்டும்.